பட்டமரங்களுக்கு நடுவே நேரடி சோனார்: கார்மின் லைவ்ஸ்கோப் பிளஸ் மதிப்புரை

டாலஸ் நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் லேக் ஃபோர்க், பாஸ் மீன் பிடிப்பவர்களுக்கு அமெரிக்காவின் முக்கியமான ஏரிகளில் ஒன்று. டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீனான 18.18 பவுண்டு லார்ஜ்மவுத் பாஸ் 1992-ல் இங்கேதான் பிடிபட்டது. 1980-ல் சபீன் ஆற்று ஆணையம் இங்கே தண்ணீர் தேக்கத் தொடங்கியபோது காட்டின் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டுவிட்டது. அதனால் 27,000 ஏக்கருக்கு மேல் விரிந்த இந்த நீர்த்தேக்கத்தின் பல பகுதிகளில் இன்றும் பட்டமரங்கள் நீருக்கடியில் நின்றுகொண்டிருக்கின்றன. அந்த மரங்களுக்கிடையே மீனைத் தேட எந்த சோனார் (ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) வாங்கலாம் என்று இந்தப் பக்கத்தில் வசிக்கும் தமிழ் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் பிளஸ் கருவியை எல்லாப் பருவங்களிலும் இந்த ஏரியில் பயன்படுத்தியவன் என்ற முறையில் அவர்களுக்காக இதை விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவி கொடுக்கும் விலைக்குத் தகுதியானதுதான். ஆனால் படகின் இருபுறமும் உள்ள தரையைக் காட்டும் ஒரு நல்ல பக்கவாட்டு சோனார், சோனாருக்கென்று ஒரு தனி பேட்டரி, தடித்த மின்கம்பி ஆகியவை படகில் இல்லாதவர் இதை முதலில் வாங்கக் கூடாது.

கடையில் ஒரே பொருள்போலப் பேசப்பட்டாலும் இதில் மூன்று பாகங்கள் உள்ளன. ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் எல்விஎஸ்34 டிரான்ஸ்டியூசர் நீருக்குள் இருக்கும். அது தரும் தரவைப் படமாக்கும் ஜிஎல்எஸ் 10 என்ற கருப்புப் பெட்டி படகுக்குள் இருக்கும். படத்தைக் காட்டும் திரை படகின் முன்பகுதியான அணியத்தில் இருக்கும். முதல் இரண்டும் சேர்ந்து 2022-ல் 2,000 டாலர் விலையில் வெளிவந்தன. திரைக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டும், அதுவும் இந்த டிரான்ஸ்டியூசரோடு ஒத்துப்போகும் கார்மின் திரையாகவே இருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் திரை ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கருவி வழக்கமான சோனாரிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பது புரிந்தால்தான் விலையின் காரணமும் புரியும். வழக்கமான சோனார் திரையில் வலது ஓரத்தில் உள்ள ஒற்றைக் கோடு மட்டுமே இப்போதைய நிலவரம். அதற்கு இடப்பக்கம் நகர்ந்து செல்வதெல்லாம் படகு ஏற்கெனவே கடந்துவிட்ட நீரின் பதிவு. அதில் மீன் தெரிந்த இடத்துக்குத் தூண்டில் போடும்போது அந்த மீன் அங்கே இல்லாமலும் போகலாம். லைவ்ஸ்கோப்போ படகுக்கு முன்னால் இருக்கும் நீரை அந்தக் கணத்திலேயே காட்டுகிறது. ஈயத் தலையில் கோத்த ரப்பர் மீனை வீசினால், அது விழுந்தவுடன் திரையின் மேற்பகுதியில் ஒரு புள்ளி தோன்றிச் சாய்கோடாக இறங்குவதைக் காணலாம். மரக்கவையை ஒட்டி 15 அடி ஆழத்தில் அசையாமல் கிடந்த ஒரு தடித்த கீற்று மெல்லத் திரும்புகிறது, புள்ளியை நோக்கி ஏறுகிறது, இரண்டடிக்குக் கீழே நிற்கிறது, பிறகு ஆர்வம் இழந்து இறங்கிவிடுகிறது. முன்பெல்லாம் இந்த மறுப்பு நமக்குத் தெரியவே தெரியாது. மீன் இல்லை என்று முடிவுகட்டி இடம் மாறியிருப்போம். இப்போது இரையின் வேகத்தையோ எடையையோ மாற்றி அதே மீனிடம் மீண்டும் கேட்டுப் பார்க்க முடிகிறது. நான் கொடுத்த பணத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வசதிக்காகத்தான் என்று கருதுகிறேன்.

ஆனால் திரையில் தெரிவதை அப்படியே நம்பிவிட முடியாது. ஒலிக்கற்றை மேலிருந்து கீழாக 135 பாகை விரிகிறது; இடவலமாக 20 பாகைதான். கணக்கிட்டுப் பார்த்தால் 30 அடி தொலைவில் அதன் அகலம் பத்தரை அடி, 50 அடியில் பதினேழரை அடி. இந்த அகலம் முழுவதும் திரையில் ஒரே தளமாகத் தட்டையாகிவிடுகிறது. அதனால் 50 அடி தொலைவில் மீன் கற்றையின் இடது ஓரத்திலும் நம் இரை வலது ஓரத்திலும் இருந்தால், உண்மையில் அவற்றுக்கிடையே 15 அடி இடைவெளி இருந்தும் திரையில் இரண்டும் உரசிக்கொண்டு நிற்பதாகத் தெரியும். மூக்கின் மேலேயே போட்டும் மீன் கடிக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். டிரான்ஸ்டியூசரை மெதுவாக இடமும் வலமுமாகத் திருப்பி, மீனின் உருவம் எந்தத் திசையில் மிகப் பிரகாசமாக இருக்கிறதோ அந்தத் திசையிலேயே வீசுவது இதற்கு எளிய தீர்வு. விழுந்த இரையும் அதே அளவு பிரகாசமாகத் தெரிந்தால் இரண்டும் கற்றையின் நடுவில் இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

லேக் ஃபோர்க்கின் மரங்கள் இந்தக் கருவிக்கு வைக்கும் சோதனை கடினமானது. மீன் தெரிவதற்குப் பெரும் காரணம் அதன் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் ஒலி பலமாகத் திரும்புகிறது. நீரில் ஊறிய மரமும் நன்றாகவே எதிரொலிப்பதால், கெயின் எனப்படும் ஒலியுணர்வு அளவை அதிகமாக வைத்தால் கிளையும் மீனும் ஒரே வெள்ளைத் திரளாகக் கலந்துவிடுகின்றன. தானியங்கி அமைப்பு திறந்த நீரில் குறையில்லாமல் வேலை செய்கிறது. மரங்களுக்கிடையே நான் அதை நிறுத்திவிட்டு, தண்டின் நுனிக்கிளைகள் மங்கி நடுத்தண்டு மட்டும் தெளிவாகத் தெரியும்வரை கெயினைக் குறைக்கிறேன். அதற்குப் பிறகு கண் தேட வேண்டியது அசைவை. பத்து விநாடி பொறுமையாகப் பார்த்தால், மரத்தோடு ஒட்டியிருந்த கீற்றுகளில் எது சற்றே முன்னும் பின்னும் நகர்கிறது என்பது புலப்படும். திரையில் தொலைவை 200 அடி வரை வைத்துக்கொள்ள முடிந்தாலும், இந்த ஏரியில் 60 அடிக்கு மேல் வைப்பதில் பயன் குறைவு. தொலைவைக் கூட்டக்கூட ஒவ்வொரு மீனும் திரையில் சிறுத்துவிடும். அப்போது பாஸ் எது, கெண்டை எது, கிஸார்ட் ஷாட் என்ற இரைமீனில் பெரியது எது என்று பிரித்தறியும் வாய்ப்பே இல்லாமல் போய்விடும்.

இத்தனை சொன்ன பிறகும், ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்பவருக்கு நான் பக்கவாட்டு சோனாரையே பரிந்துரைப்பேன். ஹம்மின்பேர்டு 2005-ல் சைடு இமேஜிங் என்ற பெயரில் இதைப் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்களுக்குக் கொண்டுவந்தது. இன்று ஹம்மின்பேர்டு, கார்மின், லோரன்ஸ் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் தங்கள் தங்கள் பெயரில் விற்கின்றன. லைவ்ஸ்கோப் ஒரு கைவிளக்கு. காட்டும் இடத்தை அழகாகக் காட்டும், ஆனால் எங்கே காட்டுவது என்பதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும். 27,000 ஏக்கரை அதைக் கொண்டு தேட முடியாது. பக்கவாட்டு சோனாரை இயக்கிக்கொண்டு மணிக்கு 4 மைல் வேகத்தில் நேர்கோட்டில் சென்றால், படகின் இருபுறமும் நூறு அடி அகலத்துக்கு ஏரியின் தரை ஒரு புகைப்படம் போல விரிகிறது. பழைய ஓடைத்தடத்தின் வளைவு, நீரில் மூழ்கிய சாலை, மண்தரை முடிந்து சரளைக்கல் தொடங்கும் இடம், ஒரு வரிசை மரங்களில் தனித்து நிற்கும் பெரிய மரம் ஆகிய எல்லாம் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். கண்டதும் திரையைத் தொட்டால் அந்த இடத்தின் குறி வரைபடத்தில் பதிந்துவிடுகிறது. நல்ல இடங்களைக் காலையில் இப்படிக் குறித்துக்கொண்டு, பிறகு அணியத்துக்கு வந்து ஒவ்வொரு குறியையும் லைவ்ஸ்கோப்பால் பார்ப்பதே என் வழக்கம்.

பக்கவாட்டுப் படத்தைப் படிப்பதற்கு நிழல்தான் திறவுகோல். தரையிலிருந்து எழும் எந்தப் பொருளும் தனக்குப் பின்னால் ஒலி போகாத ஒரு கருநிழலை விழச் செய்கிறது. பொருளை விட நிழலே அதன் வடிவத்தை அதிகத் தெளிவாகச் சொல்லும். கிளைகள் உள்ள மரமா, மொட்டைத் தண்டா என்பதை நிழலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மீன் வெண்ணிறப் பொட்டாகத் தெரியும். பொட்டும் அதன் நிழலும் ஒட்டியிருந்தால் மீன் தரையோடு கிடக்கிறது, இடைவெளி கூடக்கூட மீன் மேலே மிதக்கிறது. படத்தின் நடுவே ஓடும் கரும்பட்டையின் அகலம் படகுக்குக் கீழே உள்ள நீரின் ஆழத்தைக் குறிப்பதால், அந்தப் பட்டைக்குள் தெரியும் பொட்டுகள் தரைக்கு மேல் மிதக்கும் மீன்கள் என்று கொள்ளலாம். அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, 455 கிலோஹெர்ட்ஸில் தொலைவு அதிகம், துல்லியம் குறைவு. ஹம்மின்பேர்டின் மெகா வகை 1.2 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேலை செய்வதால் கிளைகளைக்கூட எண்ணலாம் போலத் தெரிகிறது, ஆனால் பக்கத்துக்கு 125 அடியோடு நின்றுவிடும். அதற்கு அடுத்து வந்த மெகா பிளஸ் 200 அடி வரை எட்டுகிறது.

பழைய வகை இருபரிமாண சோனாரையும் புறக்கணிக்க வேண்டாம். அது பெரும்பாலான திரைகளில் இலவசமாகவே வருகிறது, வேகமாகப் படகோட்டும்போதும் வேலை செய்கிறது, தரையின் தன்மையை அதைப்போல வேறெதுவும் சொல்வதில்லை. கடினமான தரை தடித்த பிரகாசமான கோடாகத் தெரிவதோடு, ஒலி தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டாம் முறை சென்று வருவதால் சரியாக இரு மடங்கு ஆழத்தில் இன்னொரு தரைக்கோடும் தோன்றும். சேற்றுத் தரையில் அந்த இரண்டாம் கோடு மங்கியோ இல்லாமலோ இருக்கும். கோடையில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் பிரியும் தெர்மோக்ளைன் ஒரு மெல்லிய புகைப்பட்டையாக இதில் தெளிவாகத் தெரியும். அதற்குக் கீழே உயிர்வளி குறைந்துவிடுவதால் பாஸ் பெரும்பாலும் அங்கே தங்காது. ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தப் பட்டையின் ஆழத்தை முதலில் குறித்துக்கொண்டால், லைவ்ஸ்கோப்பில் பார்க்க வேண்டிய நீர் பாதியாகக் குறைந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கருவி சரியில்லை என்று வரும் முறையீடுகளில் கணிசமானவை உண்மையில் மின் இணைப்பின் குறைகள். என் படகில் கருவியைப் பொருத்தித் தந்த கடை, பின்புறத்தில் உள்ள எஞ்சின் பேட்டரியிலிருந்து மெல்லிய கம்பியை இழுத்து அணியம் வரை கொண்டுவந்திருந்தது. எஞ்சினைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் திரை அணைந்து மீண்டும் எரிந்தது. மதியத்துக்குப் பிறகு படத்தில் புள்ளிமழை. கேட்டபோது கருவியின் மென்பொருள்தான் காரணம் என்றார்கள். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. பேட்டரிக்கும் திரைக்கும் இடையே 20 அடி என்றால் மின்னோட்டம் போய்வரும் தொலைவு 40 அடி. திரையும் கருப்புப் பெட்டியும் சேர்ந்து 5 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 16 கேஜ் கம்பியில் (கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) ஏறத்தாழ 0.8 வோல்ட் வழியிலேயே குறைந்துபோகிறது. 10 கேஜ் கம்பியில் அந்தக் குறைவு 0.2 வோல்ட் மட்டுமே. பேட்டரி ஏற்கெனவே 12 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும் மதிய வேளையில் அந்த 0.6 வோல்ட் வித்தியாசம்தான் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கம்பியை மாற்றி, சோனாருக்கென்று 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை வைத்ததும் தொல்லைகள் அத்தனையும் நின்றன. அந்த வகை பேட்டரி ஏறத்தாழத் தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிலையாகத் தருகிறது. ஈய அமில பேட்டரியில் மின்னழுத்தம் காலையிலிருந்தே படிப்படியாக இறங்கும், அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் பயன்படுத்துவதும் அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. சோனார் கம்பிகளை, படகை மெதுவாக நகர்த்த அணியத்தில் பொருத்தும் டிரோலிங் மோட்டார் என்ற சிறு மின்மோட்டாரின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் படகின் எதிர்ப்புறமாகக் கொண்டுசெல்வதும் அவசியம். சேர்த்துக் கட்டினால் மோட்டாரை மிதிக்கும்போதெல்லாம் திரையில் கோடுகள் ஓடும்.

டிரான்ஸ்டியூசரை எங்கே மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. டிரோலிங் மோட்டாரின் தண்டிலேயே மாட்டுவது மலிவு, பழகுவதற்கும் எளிது. கால் மிதி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே படமும் திரும்பும். காற்றில்லாத நாளில் இது போதும். ஆனால் ஜிபிஎஸ் உதவியால் படகை ஒரே இடத்தில் நிறுத்தும் வசதியை இயக்கினால், மோட்டார் காற்றுக்கு ஈடுகொடுத்துத் தானாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். அதனோடு டிரான்ஸ்டியூசரும் திரும்புவதால், பார்த்துக்கொண்டிருந்த மரம் திரையிலிருந்து விலகிப் போய்விடும். லேக் ஃபோர்க்கில் வசந்த காலக் காற்று பலமானது. எனவே கையால் திருப்பும் ஒரு தனிக் கம்பத்தில் மாட்டிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. காலால் இயக்கும் சுழல் பொறிகளும் கிடைக்கின்றன, அவற்றின் விலை அதிகம். வார இறுதியில் மட்டும் ஏரிக்கு வருகிறவர்களுக்கு அவை தேவையில்லை.

போட்டிக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கார்மின் 2018-ல் முதல் லைவ்ஸ்கோப்பை வெளியிட்டது. லோரன்ஸ் 2020-ல் ஆக்டிவ்டார்கெட்டையும், ஹம்மின்பேர்டு 2021-ல் மெகா லைவையும் கொண்டுவந்தன. நண்பர்களின் படகுகளில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். மரங்களுக்கிடையே மீனைப் பிரித்துக் காட்டுவதில் கார்மின் ஒரு படி மேல் என்று எனக்குப் படுகிறது. ஆனால் நன்றாக மின் இணைப்புச் செய்த எந்தக் கருவியும் மோசமாக இணைத்த லைவ்ஸ்கோப்பை விடச் சிறப்பாகவே இருக்கும். ஆகவே ஏற்கெனவே படகில் என்ன இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பதே அறிவுடைமை. ஹம்மின்பேர்டும் மின் கோட்டா டிரோலிங் மோட்டாரும் ஜான்சன் அவுட்டோர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள் என்பதால், திரையில் குறித்த இடத்துக்கு மோட்டாரை அனுப்புவது போன்ற வசதிகள் அவற்றுக்கிடையே இயல்பாக அமைகின்றன. கார்மினுக்கு ஃபோர்ஸ் மோட்டாரும் லோரன்ஸுக்கு கோஸ்ட் மோட்டாரும் அப்படியே. வரைபடங்களிலும் இதே பிரிவினைதான்: கார்மினிடம் நேவியோனிக்ஸ், ஹம்மின்பேர்டிடம் லேக்மாஸ்டர், லோரன்ஸிடம் சி-மேப். ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியேறுவதற்கு ஆகும் செலவு முதல் திரையின் விலையை விட அதிகம் என்பதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

போட்டிகளில் கலந்துகொள்ள விரும்புவோர் விதிகளையும் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். 2020 நவம்பரில் இதே லேக் ஃபோர்க்கில் நடந்த பாஸ்மாஸ்டர் எலைட் என்ற தொழில்முறைத் தொடரின் போட்டியில், மரங்களின் மேல் மிதந்த மீன்களை நேரடி சோனாரால் தேடிப் பிடித்த பேட்ரிக் வால்டர்ஸ் நான்கு நாட்களில் 104 பவுண்டு 12 அவுன்ஸ் சேர்த்து, இரண்டாம் இடத்தவரை 29 பவுண்டு 10 அவுன்ஸ் வித்தியாசத்தில் வென்றார். அதற்குப் பிறகு இந்தக் கருவி இல்லாத படகைத் தொழில்முறைப் போட்டிகளில் காண்பது அரிதாகிவிட்டது. அதன் விளைவாக 2025-ல் எலைட் தொடரில் ஒரு படகுக்கு ஒரே ஒரு நேரடி சோனார் டிரான்ஸ்டியூசர், எல்லாத் திரைகளும் சேர்த்து 55 அங்குலம் என்று வரம்பு விதித்தார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருப்பதால், இரண்டாவது டிரான்ஸ்டியூசரில் இப்போது பணம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கடைசியாக, விற்பனையாளர்கள் எவரும் எடுத்துச் சொல்லாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இந்தக் கருவி நம்மை ஆழத்துக்கு இழுக்கிறது. குளிர்காலத்தில் 30 அடிக்குக் கீழே கூட்டமாக நிற்கும் பாஸ் மீன்கள் திரையில் தெரியும்போது தூண்டில் போடாமலிருப்பது கடினம். அந்த ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை, நீரின் அழுத்தம் குறைவதால் ஊதிவிடுகிறது. விட்ட பிறகும் மீனால் கீழே இறங்க முடியாமல் போகலாம். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் மீன்களைக் கட்டாயம் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான நல்ல மீன்கள் இந்த அளவுக்குள்தான் வருகின்றன. விட்ட மீன் உயிர்பிழைக்காவிட்டால் அந்தச் சட்டத்துக்கே பொருளில்லை. மீனை விட்டதும் டிரான்ஸ்டியூசரைக் கீழ்நோக்கிய நிலைக்கு மாற்றினால், அது தன் ஆழத்துக்கு இறங்குகிறதா என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். அது ஐந்தாறு அடியிலேயே தத்தளித்து நின்றால், அன்றைக்கு அந்த ஆழத்தில் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டு, 20 அடிக்கு உட்பட்ட மரங்களுக்குப் படகைத் திருப்பிவிடுகிறேன்.